எங்கள் வீட்டில் கரப்பான் இல்லை

இல்லைங்க, கோழிக்குஞ்சு இல்லை. இந்தப் பெட்டி மூடியில் வலை அடித்திருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கண்டக்டரும் அதைத்தான் கேட்டார். பூச்சி என்றேன். பட்டுப்பூச்சியா என்றார். எதற்கு வீண் பேச்சு என்று தலையை ஆட்டிவிட்டேன். நீங்கள் கும்பகோணம் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து வரப்போகிறீர்கள், உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. இதற்குப் பெயர் டூபியா. கரப்பான் ஜாதிதான் என்பார்கள். எழுந்திருக்காதீர்கள். பின்னால் இடமும் இல்லை. இது வெளியே வராது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஏறத் தெரியாது. பறக்காது. வெளிச்சம் பட்டால் ஒளிந்துகொள்ளும். கரப்பானுக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பழகினால்தான் தெரியும்.

ஓணான், பல்லி வளர்க்கிறவர்கள் வாங்குவார்கள். நம் ஊர் ஓணான் இல்லை, வெளிநாட்டு ஜாதி. கழுத்தில் தாடி மாதிரி முள்முள்ளாக இருக்கும். அதற்குக் கண்ணாடிப் பெட்டி, விளக்கு, படுக்கக் கல், எல்லாம் உண்டு. தின்பதற்கு உயிரோடு பூச்சி வேண்டும். செத்ததைத் தொடாது. அந்தப் பூச்சியை யாராவது வளர்த்துக் கொடுக்க வேண்டும் இல்லையா. திருச்சியில் நான் கொடுக்கிறேன். என் பெயர் உத்திராபதி.

நான் இதற்கென்று பிறந்தவன் இல்லை. துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் இன்ஸ்பெக்டராக இருந்தேன். வெல்டிங் வைத்த குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. குழாயின் இரண்டு முனையையும் அடைத்து உள்ளே காற்றை ஏற்றுவோம். மேலே சோப்புத் தண்ணீர் தடவுவோம். எங்கே ஓட்டையோ அங்கே குமிழி வரும். ஊசிமுனை ஓட்டைகூட என் கண்ணுக்குத் தப்பாது. பட்டறையில் அப்படி ஒரு பெயர் எனக்கு. பிறகு ஆர்டர் குறைந்தது, ஷிப்டு குறைந்தது, ஒருநாள் கேட்டைப் பூட்டினார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அதற்காக அழுதேனா என்றால் இல்லை. ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எத்தனை மாதம் என்று என்னைக் கேட்காதீர்கள். என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். தையல்நாயகி. பிறந்த வீடு கும்பகோணம். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் தட்டை வைப்பாள், நான் தின்பேன். வைக்கவில்லை என்றால் கேட்க மாட்டேன். எதிரே சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு வடிவம் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கண் அங்கே இருந்தது. குளிக்கச் சொன்னால் குளித்தேன். ஒருநாள் ஃபேன் கொக்கியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனாம். அதற்கப்புறம் அவள் எங்கேயும் போவதில்லை, கோயிலுக்குக்கூட. எனக்கு அந்தக் கொக்கியைப் பார்த்த ஞாபகமே இல்லை.

ரபீக் என்று ஒருவர், மீன் தொட்டி, கிளி, முயல் விற்கிற கடை வைத்திருக்கிறார். பட்டறைக் காலத்திலிருந்தே பழக்கம். அவர் கடைக்கு இவள் போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது, பிறகுதான் ரபீக் சொன்னார். போய், அவருக்கு ஏதாவது வேலை கொடுங்க பாய், சம்பளம்கூட வேண்டாம், உயிரோட இருக்கிற எதையாவது பார்த்துக்கிற மாதிரி கொடுங்க என்று கேட்டிருக்கிறாள். ரபீக்குக்குப் பூச்சி சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தது, வழியிலேயே பாதி செத்துப்போகும். உள்ளூரில் வளர்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஒரு பிஸ்கட் டப்பாவில் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்.

அவள்தான் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தாள். இதோ நான் இப்போது வைத்திருக்கிற மாதிரி. ஒரு கரப்பானைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நிற்கிறவள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்து, டப்பாவை என் காலடியில் வைத்துவிட்டு, "ரபீக் பாய் கொடுத்தார். செத்துப்போகாம பார்த்துக்கணுமாம்" என்றாள்.

நான் திறந்து பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் மூடவும் இல்லை. ஒன்று மல்லாந்து கிடந்தது. விரலால் புரட்டிவிட்டேன். மறுபடி மல்லாந்தது. மறுபடி புரட்டினேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

இது முட்டையைக் கொண்டுபோய் எங்கேயும் ஒட்டி வைக்காது தெரியுமா. குஞ்சாகவே போடும். அரிசிக் குருணை மாதிரி, வெள்ளையாக. கொஞ்ச நேரத்தில் நிறம் வந்துவிடும். முட்டை விற்கிறார்களே, அந்த அட்டையை நெட்டுக்குத்தலாக அடுக்கி வைக்க வேண்டும், இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். தவிடு, கேரட், பூசணித் துண்டு. தண்ணீரை ஊற்றி வைத்தால் மூழ்கிச் சாகும், ஈரப் பஞ்சு போதும். வெதுவெதுப்பு வேண்டும். திருச்சி வெயிலுக்கு அது ஒரு பிரச்சினை இல்லை. மார்கழியில் மட்டும் பின்கட்டில் குளிர் அடித்தது, அதனால் பெட்டிகளை உள்ளே கொண்டுவந்தேன், நாங்கள் படுக்கிற அறைக்குப் பக்கத்து அறைக்கு. இரண்டு அறைக்கும் நடுவில் கதவு கிடையாது, திரைதான். குளிர் போன பிறகும் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். படுத்திருந்தால் அட்டைமேல் அது நடக்கிற சத்தம் கேட்கும், தூரத்தில் தூறல் போடுகிற மாதிரி. எனக்கு நல்ல தூக்கம் வந்தது. பட்டறை மூடிய பிறகு அந்த மாதிரித் தூங்கியதில்லை.

வாரம் ஒருமுறை சலிக்க வேண்டும். அதன் எச்சம் காபித்தூள் மாதிரி அடியில் சேரும். தோல் உரித்துப் போட்டதெல்லாம் சருகாகக் கிடக்கும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஃபேனை வேகமாகச் சுழலவிட்டு, அதன் கீழே நின்று சல்லடையால் உயரத்திலிருந்து கொட்டினால் சருகெல்லாம் பறந்துபோகும், தூள் மட்டும் கீழே விழும். நெல் தூற்றுகிற மாதிரி. சல்லடை அவளுடையது, மாவு சலிப்பது. மறுநாள் பார்த்தால் அடுப்படியில் புதுச் சல்லடை தொங்குகிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அப்படித்தான். சின்ன விஷயத்துக்கெல்லாம் பேச மாட்டாள். அந்தத் தூளை எங்கள் ஜன்னலடியில் இருக்கிற அவளுடைய மல்லித் தொட்டிகளுக்குப் போட்டேன். நல்ல உரம். அந்த வருஷம் பூத்த மாதிரி அது பூத்ததே இல்லை.

தும்முகிறீர்களே, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துகொள்ளுங்கள். இந்த பஸ்களை எங்கே கூட்டுகிறார்கள், ஒரே தூசி.

அவளுக்கு இழுப்பு வர ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். முதலில் இருமல். பிறகு மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். காலையில் எழுந்ததும் கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு அதைப் பார்த்தால், எப்படிச் சொல்வது, பட்டறை நினைவுதான் வந்தது. எங்கேயோ கசிகிறது, எங்கே என்று தெரியவில்லை. நான் சும்மா இருக்கவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவாள், நிறுத்தச் சொன்னேன். பஞ்சு மெத்தை பழசு, கொளுத்தினேன். அவள் அம்மா தைத்துக் கொடுத்த மெத்தை. தாளிக்கிற புகை போக ஜன்னல் வைத்தேன். எதிர்வீட்டுப் பூனை அவள் மடியில் வந்து படுக்கும், அதை விரட்டினேன். மல்லியை மட்டும் விட்டுவைத்தேன். ஒன்றாவது இருக்கட்டும் என்று.

பிறகு மாவு மில். எங்கள் தெருக்கோடியில் சந்தானம் என்று ஒருவர் மில் வைத்திருக்கிறார். அரைக்கிற மாவெல்லாம் காற்றில் வந்து எங்கள் வீட்டில்தான் படிகிறது என்று எனக்குத் தோன்றியது. விரலால் ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தால் தூள் இருந்தது. கொஞ்சம் பழுப்பாக இருந்தது, கேழ்வரகு அரைத்திருப்பார் என்று நினைத்தேன். மாநகராட்சியில் புகார் கொடுத்தேன். ஆள் வந்து பார்த்துவிட்டு மில்லின் பக்கவாட்டு ஜன்னலைத் தகரம் வைத்து அடைக்கச் சொன்னார்கள். சந்தானம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார். "என் மில்லுல தூசின்னு சொல்ல வந்துட்டாரு பெரிய மனுஷன். உன் வீட்டுக்குள்ள என்ன வளக்கிறேன்னு தெருவுக்கே தெரியும்யா. முதல்ல அதை அடை." எனக்குக் கோபம் வரவில்லை. பிழைப்பு கெட்டவன் பேசத்தான் செய்வான். தகரம் அடித்த பிறகும் அவளுக்குக் குறையவில்லை. சந்தானத்துக்கு அநியாயம் செய்துவிட்டேனோ என்று ரொம்ப நாள் யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன். அந்தப் பக்கம் போனால் தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன்.

நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நிதானமான டாக்டர். ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் நாய் உண்டா, பூனை உண்டா, புறா வருமா, யாராவது சிகரெட் பிடிப்பார்களா. எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன், அவளுக்குப் பேசினால் மூச்சு வாங்கும். கரப்பான் தொல்லை உண்டா என்றார்.

"இல்லை டாக்டர்" என்றேன்.

"பழைய வீடுன்னா கொஞ்சம் இருக்குமே. அடுப்படியில, பாத்ரூம்ல?"

"ஒண்ணுகூட இல்லை டாக்டர்."

அது உண்மை. அடுப்படி இடுக்கெல்லாம் மருந்து வைத்து, சாக்கடை வாயில் வலை போட்டு நான் சுத்தமாக வைத்திருந்தேன். வீட்டுக் கரப்பான் வந்தால் அதிலிருந்து என் பெட்டிகளுக்கு நோய் தொற்றும், அதனால் ரொம்பக் கவனம். டாக்டர் அவளைப் பார்த்து, என்னம்மா, சரிதானா என்றார். அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

டாக்டர் முன்னால் எப்போதும் கூச்சப்படுவாள்.

அந்தப் பார்வையை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது. இழுக்கிற மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். அதை இழுத்தால் குறையும், பிறகு வரும்.

தையலின் தங்கை மங்களா பார்க்க வந்தாள். வந்த அன்றே திரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அத்தான், இந்தப் பூச்சிதான் அக்காவைக் கொல்லுது" என்றாள். அவளுக்கு என்மேல் முதலிலிருந்தே ஒரு இது உண்டு. இருந்தாலும் நான் தள்ளிவிடவில்லை. யார் சொன்னாலும் சோதித்துப் பார்க்க வேண்டும், அதுதான் என் தொழில். பெட்டிகளையெல்லாம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன், ஒரு வாரம். அந்த அறையைக் கூட்டவில்லை, எப்படியும் திரும்பி வரப்போகிறதுதானே. மேலே போய்ச் சலித்துவிட்டு, தூளைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அதே சட்டையோடு ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பேன். குறையவே இல்லை. ஒருநாள் கூடியது. பெட்டிகளைக் கீழே இறக்கினேன். பேச என்ன இருக்கிறது, சோதித்தாயிற்று.

ஆனாலும் மனது கேட்கவில்லை. தையலிடமே நேராகக் கேட்டேன். "உனக்கு இதனாலதான்னு தோணுதா? தோணினா சொல்லு. இன்னிக்கே ரபீக்கிட்ட கொடுத்துடறேன்."

அப்போது நான் ஒரு பெட்டிக்கு அட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் வாசல்படியில் நின்றாள். பெட்டியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"கொடுத்துட்டு என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன். உட்கார்ந்திருப்பேன்."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். அது அதே இடத்தில்தான் கிடந்தது. மேலே ஃபேனைப் பார்த்தாள்.

"வேண்டாம். இதால இல்லை" என்றாள்.

அவள் வாயாலேயே சொன்னாள். அதற்குமேல் நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

தில்லைநகரில் ஒரு அம்மா ஓணான் வளர்க்கிறார். நான்தான் பூச்சி கொண்டுபோய்க் கொடுப்பேன். கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு இடுக்கியால் எடுப்பார். ஏம்மா என்றால், எனக்கு இந்தப் பூச்சி ஒத்துக்காது சார், தொட்டா தடிச்சிடும், தும்மல் வந்துடும் என்பார். வசதியில் வளர்ந்த உடம்பு. ஒருநாள் அவர் ஓணானுக்குக் கொடுக்கும்போது நின்று பார்த்தேன். அது தலையைச் சாய்த்து, பொறுமையாகப் பார்த்து, நாக்கை நீட்டியது. நறுக் என்று ஒரு சத்தம். நான் குஞ்சிலிருந்து வளர்த்தது. மல்லாந்தால் புரட்டிவிட்டிருப்பேன். வருத்தமாக இருக்கும் என்று நினைத்துக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நான் நல்லவன்தானா என்று அன்றைக்கு வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் தையல் தரையில் கிடந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஆக்சிஜன். அந்த முகமூடிக்குள்ளே ஆவி படிவதும் மறைவதுமாக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழைத்தாள். மங்களா வந்து, என்னிடம் கேட்காமல், ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அவளைக் கும்பகோணத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். மாற்றுப் புடவைகூட எடுக்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு துணியும் வரக்கூடாது என்றாளாம். அவ்வளவு வெறுப்பு.

ஆச்சரியம் என்னவென்றால், அங்கே போனதும் தையலுக்குச் சரியாகிவிட்டது. இழுக்கிற மருந்து எங்கேயோ மூலையில் கிடக்கிறதாம். மாடிப்படி ஏறுகிறாளாம். கும்பேஸ்வரர் கோயிலை மூன்று சுற்று சுற்றுகிறாளாம். காவிரித் தண்ணீர், கும்பகோணத்துக் காற்று. நான் பார்க்கப் போனேன். வாசலில் என்னைக் கண்டதும் சிரித்தாள். எத்தனை நாள் கழித்து ஒரு சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்தேன், என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் மறுபடி அந்த விசில். மங்களா என் பையைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது இதே பஸ்தான், இதே மாதிரி ஜன்னலோரம். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பூச்சியும் இல்லை, மில்லும் இல்லை. நான்தான். என்னைக் கண்டாலே அவளுக்கு மூச்சடைக்கிறது. முப்பது வருஷம் இந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள், அதிலும் கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகம். யாருக்குத்தான் அடைக்காது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அட்டைமேல் அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது இல்லை என்றால் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை. கேரட் வைக்க வேண்டுமே என்று எழுந்தேன். அதனால்தான் எழுந்தேன்.

பிறகு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். திருச்சி வீட்டுக் காற்று அவளுக்கு ஆகவில்லை, அது நிச்சயம். என் முகம் ஆகவில்லை என்பது நிச்சயமில்லை, ஒரு நாள்தானே பார்த்தோம், பழகினால் சரியாகலாம். அரசலாற்றுப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். திருச்சி வீட்டைக் காலி செய்கிறேன். ரபீக்குக்குப் பூச்சியை பஸ்ஸில் போட்டு அனுப்பலாம், அவரும் சரி என்றுவிட்டார். மற்றப் பெட்டிகள் நாளைக்கு வேனில் வரும். இது தாய்ப் பூச்சிகள். குலுங்கினால் குஞ்சைக் கலைத்துவிடும். அதனால் மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறேன்.

மங்களா இல்லாத நேரம் பார்த்து நேற்று தையலுக்குப் போன் செய்தேன். அவள் வேண்டாம் என்றால் வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் பேசினேன். வீட்டைப் பற்றி முதலில் சொன்னேன். ஆறு பக்கம், நல்ல காற்று என்றேன். பிறகு கேட்டேன். "நான் வரட்டுமா? என்னைக் கண்டாத்தான் உனக்கு முடியலையோன்னு தோணுது. அப்படின்னா சொல்லிடு. நான் இங்கேயே இருந்துக்கிறேன்."

"அங்கேயே எப்படி இருப்பீங்க?"

"இருப்பேன். உட்கார்ந்திருப்பேன்."

அவள் பேசவில்லை. ரொம்ப நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று காதோடு அழுத்திக்கொண்டேன். போகவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது. உள்ளே போகிறது, வெளியே வருகிறது. ஒரு விசில் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. குழாயில் கசிவே இல்லாவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. நான் பேசாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த வீட்டுல பூச்சிக்கு அறை இருக்கா?" என்றாள்.

"இருக்கு. நம்ம அறைக்குப் பக்கத்துலயே."

மறுபடி கொஞ்ச நேரம் அந்த மூச்சு.

"சரி, வாங்க" என்றாள்.

தாராசுரம் தாண்டிவிட்டோம் போலிருக்கிறது. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். பெட்டியைச் சாய்க்காமல் இறங்க வேண்டும். அவள் பஸ் ஸ்டாண்டுக்கே வருகிறேன் என்றிருக்கிறாள்.